முதல்வரின் நான்காவது பிரிவு உபசார விழா

எங்கள் முதல்வருக்கு நான்கு முறை பிரிவு உபசார விழா நடந்தது. நான்குக்கும் வாழ்த்துமடல் எழுதியவள் நான்தான். ஒரு தனியார் கல்லூரியில் தமிழ்த்துறை எதற்கு என்று யாராவது கேட்டால், இதற்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன். கணிதத்துறை கால அட்டவணை போடும், வணிகவியல் துறை விழாச் சாப்பாட்டுக்கு இலை எண்ணும், தமிழ்த்துறை புகழும். பன்னிரண்டு வருடம் நான் புகழ்ந்தேன்.

முதல் விழா அவருக்கு அறுபது வயது நிறைந்தபோது நடந்தது. சால்வைகள் குவிந்தன. மாணவிகள் அழுதார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் பேச்சு வராமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அடுத்த முதல்வர் தான்தான் என்று அவர் நினைத்திருந்ததால் அது ஆனந்தக் கண்ணீராகவும் இருந்திருக்கலாம். கடைசியில் எங்கள் தாளாளர், அதாவது கல்லூரிக்குச் சொந்தக்காரர், எழுந்து வந்து, "சார் எங்கியும் போகலைங்க. நாங்க விட்டாத்தானே போவாரு" என்றார். பந்தல் அதிரக் கைதட்டினோம். மறுநாள் காலை எட்டரைக்கு அதே அறையில் அதே நாற்காலியில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். கதவுப் பலகையில் 'முதல்வர்' என்பதற்குக் கீழே 'மற்றும் இயக்குநர்' என்று புதிதாக ஒட்டியிருந்தது. மூத்த பேராசிரியர் அன்று விடுப்பில் இருந்தார்.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது விழா. அதில் அழுதவர்கள் குறைவு. அதற்கு மூன்று வருடம் கழித்து மூன்றாவது. அதில் சாப்பாடு நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் தாளாளர் கடைசியில் எழுந்து அதே வாக்கியத்தைச் சொன்னார், நாங்களும் முதல் தடவை கேட்பதுபோல ஆச்சரியப்பட்டோம். என் கஷ்டம் வேறு. 'கல்வித் தந்தை', 'அறிவுச் சுடர்' எல்லாம் முதல் மடலிலேயே தீர்ந்துவிட்டன. இரண்டாவதில் தருமபுரியின் பழைய பெயரைத் தேடிப்பிடித்து, 'தகடூரின் விடிவெள்ளி' என்று எழுதிச் சமாளித்தேன். மூன்றாவதில் அவரை இமயமலையாக்கினேன். அதற்கு மேல் ஏற எனக்கு மலை தெரியவில்லை.

மனிதர் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தாறு வருடம் முதல்வராக இருந்தவர் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. பொம்மிடி ஸ்டேஷன் வாசலில், ரயில் தாமதம் என்றால் கல்லூரி பஸ் நின்றுதான் புறப்பட வேண்டும் என்று டிரைவர்களுக்கு உத்தரவு போட்டவர் அவர். இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசப்பட்ட பெண்களின் வீட்டுக்குத் தானே போய், பெற்றோரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, டிகிரி முடியும்வரை தள்ளிப்போட வைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் வாழ்த்துமடலில் எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். "இதெல்லாம் சாதாரணம்மா. இமயமலையைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்பார்.

கோடை விடுமுறை என்பது மாணவர்களுக்கு மட்டும்தான். சித்திரை வெயில் கொளுத்த ஆரம்பித்தால் நாங்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பட்டியலோடு இரண்டிரண்டு பேராக ஊர் ஊராகக் கிளம்பவேண்டும். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தால்தான் அடுத்த வருடம் நாற்காலியில் நிம்மதியாக உட்காரலாம். மொரப்பூர் பக்கத்தில் ஒரு விவசாயி மஞ்சள் வேகவைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்கன்னு சொல்றீங்க. வெயில்ல வூடு வூடா வந்து கெஞ்சறீங்க. எம்பொண்ணு படிச்சு முடிச்சா அவளும் இப்பிடித்தான் வரணுங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணை நாங்கள் சேர்க்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். காரணம் முதல்வர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் நின்றது. ஓர் இரும்பு பீரோ.

வேலைக்குச் சேரும் அன்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை எல்லா ஒரிஜினலையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சரிபார்க்க என்று வாங்குவார்கள். சரிபார்ப்பு முடிவதே இல்லை. எங்கள் கல்லூரியில் மட்டும் என்றில்லை, பல கல்லூரிகளில் இதுதான் நடைமுறை. ஆசிரியர் பாதியில் ஓடிவிடாமல் இருக்க அவருடைய பத்தாம் வகுப்பைப் பிடித்துவைப்பது. நான் சேர்ந்த பிறகுதான் முனைவர் பட்டம் வாங்கினேன். இனிப்போடு முதல்வரைப் பார்க்கப் போனேன். மனதார வாழ்த்தினார். இனிப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, பட்டத்துக்காக இன்னொரு கையை நீட்டினார். ஜெராக்ஸ் வேண்டுமென்றால் எத்தனை வேண்டுமானாலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

என் பக்கத்து மேஜையில் கணிதத்துறைப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் அப்பாவுக்குத் தருமபுரியில் பாத்திரக்கடை. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாணமான வருடமே ஓசூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரிஜினலைக் கொண்டுவாருங்கள் என்று பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் முதல்வரிடம் கேட்டாள். "இந்த செமஸ்டர் முடியட்டும்மா" என்றார். ஓசூர்க்காரர்களுக்கு எங்கள் செமஸ்டரைப் பற்றி என்ன கவலை? வேலை போனது. அதன் பிறகு ஐந்து வருடமாக அவள் திங்கள் முதல் சனி வரை அப்பா வீட்டில் மகளாகவும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓசூரில் மனைவியாகவும் இருந்தாள். அவள் குழந்தை அப்பாவோடு வீடியோ காலில் நன்றாகப் பழகியிருந்தது. இதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டில் எனக்குப் பிடித்ததைத் தனி டப்பாவில் கொண்டுவருவாள்.

இந்த நிலையில்தான் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பட்டியலில் என் எண் வந்தது. செல்போனைக் கணவரிடம் கொடுத்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அப்போதும் என் எண்தான். ஒரு புதன்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் வருபவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

முதல்வரிடம் போனேன். காகிதத்தை வாங்கிப் படித்தார். "ரொம்ப சந்தோஷம்மா. நம்ம காலேஜுக்கே பெருமை" என்றார். பிறகு அதை மடித்துத் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

"சார், ஒரிஜினல்..."

"குடுக்காம எங்க போறேன்? அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு. அந்தப் புதனுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எனக்கு விழா. மலர் ஒண்ணு போடறோம். என்னோட முழு வரலாறும் வரணும். நீங்கதான் எழுதணும். மலர் வெளியான அன்னிக்கு சாயந்தரம் உங்க ஃபைல வாங்கிக்கங்க."

மலருக்குத் தலைப்பை அவரே வைத்திருந்தார். 'தொடரும் பயணம்.' பிரிவு உபசார விழா மலருக்கு இப்படி ஒரு தலைப்பை வைக்க எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும் என்று பாருங்கள்.

பத்து நாள் மாலை அவர் அறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கு தினமும் எட்டு கிலோமீட்டர் நடந்ததாகச் சொன்னார். முதல் வாழ்த்துமடலில் அது மூன்று கிலோமீட்டர், இரண்டாவதில் ஐந்து. ஒவ்வொரு பணி நீட்டிப்புக்கும் பள்ளிக்கூடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிருக்கிறது.

"தெருவிளக்குல படிச்சேன்னு போடுங்கம்மா" என்றார்.

"உங்க ஊருக்குத் தெருவிளக்கு எப்ப சார் வந்துச்சு?"

"நான் வேலைக்கு வந்தப்பறம்தான். இருந்தாலும் போடுங்க."

போட்டேன். என் பத்தாம் வகுப்பு அவர் பீரோவில் இருக்கும்போது அவர் ஊருக்கு நான் மின்சாரமே கொடுப்பேன்.

எட்டாவது நாள் என்று நினைக்கிறேன், அவராகவே ஒரு விஷயம் சொன்னார். "இது யாருக்கும் தெரியாதும்மா. நானும் கவர்மென்ட்ல செலக்ட் ஆனவன்தான். இங்க சேந்து நாலாவது வருஷம். அப்ப இருந்த பிரின்சிபால்கிட்டப் போயி ஒரிஜினல் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். குடுக்கலை. ரெண்டு நாள் சோறு திங்கலைம்மா நான்."

என் பேனா நின்றுவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இவர் நின்றிருக்கிறார். இவருக்குப் புரியும், கட்டாயம் புரியும் என்று ஒரு நிமிடம் மனது துள்ளியது.

"பெரிய மனுசம்மா அவரு" என்று தொடர்ந்தார். "அன்னிக்கி அவரு குடுத்திருந்தாருன்னா நான் எங்கியோ ஒரு மூலையில லெக்சரராவே ரிட்டயர் ஆயிருப்பேன். இந்த ரூம் கெடைச்சிருக்குமா? அவரு பண்ணின நல்லதைத்தான் நான் இங்க எல்லாருக்கும் பண்ணிட்டு வரேன்."

பாத்திரக்கடைக்காரர் மகளுக்கு ஐந்து வருடமாக நடப்பது நல்லது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இப்ப உங்க ஒரிஜினல்லாம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

திரும்பாமலே கட்டைவிரலால் பின்னால் காட்டினார். "அதுலதான். மேல் தட்டு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா."

இருபத்தாறு வருடம் பீரோச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர். எந்த நாளும் திறந்து தன் கோப்பை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். தன்னைத் தானே பிணையாக வைத்துக்கொண்டு, தன்னையே காவலும் காத்திருக்கிறார். சிரிக்கலாமா என்று பார்த்தேன். வரவில்லை. பயமாக இருந்தது.

விழாவுக்கு முந்தைய நாள் மதியம் கணிதத்துறைப் பெண் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நாளைக்கு பீரோ திறப்பாரில்ல? என்னுதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ஓசூர்ல மறுபடியும் கூப்பிடறாங்க. நான் கேட்டா குடுக்க மாட்டாரு. நீங்க அவரு கதையெல்லாம் எழுதறவங்க, உங்க மேல மரியாதை இருக்கு" என்றாள். கேட்கிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. சேலத்திலிருந்து வரவேண்டிய சிறப்பு விருந்தினர் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம் மாணவிகள் ஒரே நடனத்தை வேறு வேறு சேலையில் ஆடினார்கள். பன்னிரண்டரைக்கு மலர் வெளியானது. எட்டு கிலோமீட்டரும் தெருவிளக்கும் மேடையில் வாசிக்கப்பட்டன. நிகழ்ச்சி நிரலில் இந்தத் தடவை புதிதாக ஓர் அம்சம் இருந்தது, 'பொறுப்பு ஒப்படைத்தல்'. தாளாளரின் மருமகன், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தவர், மேடைக்கு வந்து நின்றார். முதல்வர் சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். எங்கள் மேடையில் போட்டோவுக்காகக் கொடுத்த பரிசுக் கோப்பைகளையே இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். அதனால் அவர் கவலைப்படவில்லை.

கடைசியில் தாளாளர் எழுந்தார். முதல்வரும் பாதி எழுந்துகொண்டார். கைகள் கும்பிடத் தயாராக இருந்தன. "சார் இனிமே பேரன் பேத்தியோட நிம்மதியா இருக்கட்டுங்க. நம்ம வாழ்த்து எப்பவும் உண்டு" என்று சொல்லிவிட்டுத் தாளாளர் உட்கார்ந்தார். முதல்வர் அப்படியே பாதி நின்ற நிலையில், அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். அதற்குள் யாரோ தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். அதனால் முழுவதும் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

சாயந்தரம் கோப்பு வாங்க அறைக்குப் போனேன். நாற்காலியில் மருமகன் இருந்தார். எதிரே, நாங்கள் நிற்கும் இடத்தில், முதல்வர் நின்றிருந்தார். கழுத்தில் சால்வை அப்படியே இருந்தது.

"என்னோட ஒரிஜினல் பீரோல இருக்கு தம்பி" என்றார்.

மருமகன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்களுதுமா சார்?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அதேதான் சார் நானும் சொல்றேன். ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அடுத்த மாசம் கமிட்டி கூடும். வெச்சுப் பார்க்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கும் அதேதான்."

புதன்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதேன் என்பது நினைவிருக்கிறது. அவர் மேஜை மேலிருந்த டிஷ்யூ பெட்டியை மரியாதையாக என் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் போன் வந்தது. முதல்வர். "ஏழு மணிக்குக் காலேஜுக்கு வாங்கம்மா. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்து அறையைத் திறந்துவிட்டார். இவர் பிரிந்துபோன தகவல் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அல்லது மூன்று தடவை ஏமாந்த அனுபவம். முதல்வர் சட்டைப் பையிலிருந்து ஒற்றைச் சாவி ஒன்றை எடுத்தார். பீரோவின் இரண்டாவது சாவி. தொலைந்துபோய்விட்டது என்று பல வருடங்களுக்கு முன்பே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வைத்திருந்தாராம்.

பீரோ திறந்தது. அத்தனை வருடத்தில் நான் அதன் உள்ளே பார்த்தது அன்றுதான். துறைவாரியாக, அகர வரிசையில், ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் அவருடைய அழகான கையெழுத்தில் பெயர். ஒரு தூசி இல்லை. இறந்துபோன நூலகரின் கோப்புகூட இருந்தது. மேல் தட்டிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு என்னுடையதை எடுத்து, புறங்கையால் ஒருமுறை தட்டி, என் கையில் கொடுத்தார். "போயிட்டு வாங்கம்மா. நல்லா இருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

கணிதத்துறை இரண்டாவது தட்டு. அவளுடைய கோப்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பெயரைப் படித்தேன். வாயைத் திறந்தால் இவர் மனது மாறிவிடுமோ, நேரமாகி யாராவது வந்துவிடுவார்களோ, என்னுடையதையும் திரும்ப வாங்கி வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். கோப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் பீரோவைப் பூட்டினார். பழக்கத்தில் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் வாசலை நோக்கி நடந்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை. முதல்வரைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் கிண்டல் பேசியிருக்கிறேன். இங்கேயும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் காலை ஏழு மணிக்கு, என் காரியம் முடிந்ததும் மற்றவர்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்ததில் எங்கள் இருவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இதை எந்த மலரிலும் யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

அன்று மதியம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். அவள் வகுப்பு முடிந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"கெடைச்சிடுச்சாக்கா?"

தலையசைத்தேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. சாக்பீஸ் தூள் என் கையில் ஒட்டிக்கொண்டது.

"என்னுது அங்க இருந்துச்சாக்கா?"

"பார்க்கலைம்மா" என்றேன். "அவசரத்துல கவனிக்கலை."

"பரவால்லக்கா. நீங்க மொதல்ல நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ரயிலில் சாப்பிடுங்கள் என்று தனி டப்பாவை என் பையில் வைத்தாள்.